செத்தவீட்டு லைவ்காரரும் ஏழாயிரத்து இருநூறும்

செத்தவீட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் திருகோணமலையில் பலபேர். பெட்டி செய்கிறவர், கூடாரம் அடிக்கிறவர், கதிரை வாடகைக்கு விடுகிறவர், கண்ணீர் அஞ்சலிப் பதாகை அச்சிடுகிறவர். இவர்களுக்குள் பிணத்துக்குப் பயந்த ஒரே ஆள் யாரென்று கேட்டால், துறைமுகத்தடியில் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: லைவ் பேணாட்.

சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயது, நரை விழுந்த மீசை, பதினொரு வருடமாக இதே தொழில். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்க்கவென்று, ஊரில் நடக்கிற மரணச் சடங்கை இணையத்தில் நேரடியாக அனுப்புவார். முந்நூறு செத்தவீட்டுக்கு மேல் போய்விட்டார். அதில் ஒரு முகத்தையாவது நேருக்கு நேர் பார்த்தாரா என்றால், இல்லை. எல்லாம் திரையில்தான். திரையில் பார்த்தால் பயமில்லையாம். இது என்ன ஞாயமோ, அவரைத்தான் கேட்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் அவருடைய அப்பா இறந்தபோது, எல்லோரும் வரிசையாகப் போய் நெற்றியில் முத்தமிட்டு முத்தி செய்தார்கள். பேணாட் கிணற்றடியில் நின்றார். தாய் மூன்று தரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. அதைப்பற்றி அவர் இன்றுவரை ஒருவரோடும் கதைத்ததில்லை. அந்தக் குறையை ஊர்தான் தீர்த்து வைக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார்? அதற்கும் பயம்தான் காரணம். கேட்டு வந்தவரை மறுக்கப் பயம். நிலாவெளி ஹோட்டல்களில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவரிடம் ஒருநாள் ஒருவர் வந்தார். தகப்பன் போய்விட்டார், தமையன் கனடாவில், எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் பேணாட் வாயைத் திறந்தார். ஆனாலும் வாய் "ஓம்" என்று சொல்லிவிட்டது. போனார். கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்று, கமராவின் சின்னத் திரையை மட்டும் பார்த்து எடுத்து அனுப்பினார். நன்றாக வந்துவிட்டது. அடுத்த கிழமை இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதைதான்.

கதவு நிலையடிகூட அவருக்குக் கிட்டவாகத்தான் பட்டது. அதனால் இருந்த இடத்திலிருந்தே திருப்பவும் படத்தைக் கிட்ட இழுக்கவும் கூடிய கமராக்களை வாங்கினார். பெட்டியின் கால்மாட்டில் ஒன்று, வாசல் கேற்றடியில் ஒன்று, பாடுகிறவர்களுக்கு ஒன்று. நாலாவதை அலுமாரிக்கு மேலே ஏற்றி, தலைமாட்டை நோக்கித் திருப்பிவிடுவார். முகம் காட்டுகிற கமரா அதுதான். எல்லா வயரும் பின்னால் இருக்கிற ஓர் அறைக்கு வரும். அங்கே ஒரு சின்னக் கணினி, ஒரு யூபிஎஸ், ஒரு பிளாஸ்டிக் கதிரை, பேணாட். மூன்று கமராவரை கணினி இழுத்தது. நாலாவது வந்ததும் படம் விக்கத் தொடங்கியது. மூதூரில் ஒரு செத்தவீட்டில் சாமியார் வாயை மூடின பிறகும் செபம் கேட்டுக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து பார்த்த மருமகள் விழுந்து விழுந்து சிரித்ததாகப் புகார் வந்தது.

பேணாட் கணினியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு, ரிஷாத்தின் கடைக்குப் போனார்.

ரிஷாத் கொம்பியூட்டர் பைத்தியம். கடையில் கண்ணாடிக் கதவு, எந்நேரமும் ஏசி. சாதாரணமாக ஓடுகிற எதையும் அவருக்குப் பிடிக்காது. கம்பனி சொன்ன வேகத்துக்கு மேலே தட்டி ஓட்டுவதில்தான் அவருக்குச் சந்தோஷம். அதை ஓவர்க்ளொக் என்பார்கள்.

"தனியா ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டா முடிஞ்சிது அண்ணன்," என்றார் ரிஷாத்.

"பெட்டிக்குள்ளை இடமில்லை. அதோடை கரண்ட் போனா யூபிஎஸ் அதைத் தாங்காது. நடுவிலை நிண்டுதெண்டா என்னைச் சாக்காட்டிப் போடுவினம்."

"அப்ப மெமரிதான். உங்கட மெசினுக்குப் படம் வரையிற வேலையும் இந்த மெமரிக்குள்ளதான் நடக்குது. அது ஓடுற ஓட்டத்துக்குத்தான் படமும் ஓடும்." ரிஷாத் கண்ணாடி மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தார். "இது ஐயாயிரத்து அறுநூறு. இது ஆறாயிரம். இது ஏழாயிரத்து இருநூறு. நம்பர் கூடினா வேகம் கூடும். ஆனா அது மட்டும் பாத்து ஏமாறாதீங்க. பக்கத்துல முப்பது, முப்பத்திநாலு எண்டு எழுதியிருக்கில்ல? கேட்டதக் குடுக்க முதல் அது எத்தின துடிப்பு சுணங்குது எண்டு அர்த்தம். அது குறைய இருக்கணும். ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் எடுக்கணும்."

"எது பயமில்லாதது?"

"ஆறாயிரம், முப்பது. கண்ண மூடிக்கிட்டு எடுங்க. ரெண்டு மெமரிக் கட்டை போதும், நாலு போடாதீங்க. நாலு போட்டா ஒண்ட ஒண்டு இழுத்து வேகம் விழுந்திரும்."

அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். ஆறாயிரத்தில் மூன்று கமரா வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலாவதை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்தால் மட்டும் படம் லேசாக விக்கியது.

"இதுக்கென்ன?" என்றார் ரிஷாத். "மூணு கமராவோட நிப்பாட்டுங்க. முகத்தக் காட்ட வேணுமெண்டா ஒண்டக் கையில எடுத்துக்கிட்டுக் கிட்டப் போங்க."

கிட்டப் போங்க! ஏசி அறைக்குள்ளே பேணாட்டுக்கு வேர்த்தது. அந்தக் கணத்தில் அவர் தெரிவு செய்துவிட்டார். மனிதர் வேகத்துக்கு ஆசைப்பட்டு ஏழாயிரத்து இருநூறை எடுக்கவில்லை. பிணத்துக்குப் பயந்து எடுத்தார். ரிஷாத்துக்கு அது தெரியாது. அண்ணனுக்கும் நம்மட விசர் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பூரித்துப்போனார்.

"ஆனா ஒண்டு சொல்லுறன். பெட்டியில எழுதியிருக்கிறது சத்தியமில்ல. ப்ரொசசரும் போர்டும் சேந்து அந்த வேகத்தத் தாங்கணும். சோதிக்காம வெளிய கொண்டு போக விடமாட்டன்."

மூன்று நாள் சோதனை ஓடியது. பேணாட் மூன்று நாளும் கடைக்கு வந்து, பிரசவ வார்ட் வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி நின்றார். ஒரு பிழையும் வரவில்லை. கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிஷாத் இரண்டு புத்தி சொன்னார். ஒன்று, சூடு ஐம்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு விசிறியை மேலே பிடித்துவிட வேண்டும். இரண்டு, எப்போதாவது வேகத்தைக் குறைத்து மாற்றினால் திரை சில நிமிடம் கறுப்பாக நிற்கும், மெமரி தன்னைத்தானே பழக்கிக்கொள்கிற நேரம் அது, செத்துவிட்டதென்று நினைத்துக் கை வைக்கக்கூடாது. பேணாட் இரண்டையும் கொப்பியில் எழுதி வைத்தார். ஆனால் மூன்று நாள் சோதனையும் ஏசிக்குள்ளே நடந்தது என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. படித்தவனும் பயந்தவனும் சேர்ந்து கோட்டை விட்டால் இப்படித்தான்.

முதல் இரண்டு செத்தவீடும் தண்ணீர் மாதிரி ஓடியது. மூன்றாவது பாலையூற்றில், கிறிஸ்டின் அம்மாவுடையது. அந்த அம்மாவின் மகள் மெலனி நேரே பேணாட்டின் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி ஜனுஷன் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருசம், அண்ணை. இன்னும் அவனுக்கு விசா குடுக்கேல்லை. இப்ப வெளிக்கிட்டானெண்டா திரும்பிப் போக ஏலாது. வேலையிலையும் லீவு இல்லையாம்." அவள் அழுது முடித்த முகத்தோடு கதைத்தாள். "மூண்டு மணிக்குப் பெட்டி மூடுறது. மூடுறதுக்கு முதல் அம்மான்ரை முகத்தை வடிவாப் பாக்கோணும் எண்டான். வேறை ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் அதை மட்டும் செய்து தாங்கோ."

"ஓம் பிள்ளை, அது என்ரை பொறுப்பு," என்று சொன்னார் பேணாட்.  பொறுப்பு என்ற சொல்லை அவர் பதினொரு வருடத்தில் பாவித்ததில்லை.

அனல் வீசும் கச்சான் காற்று உச்சத்தில் நின்ற ஆடி மாதம். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு அயலிலிருந்து வரும். ஆகவே குசினி சும்மா கிடந்தது. பேணாட் தன் கடையை அங்கே விரித்தார். மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவே ஒரு வாசல், கதவில்லை. மேலே அஸ்பெஸ்ரஸ் கூரை. மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நின்றால் மனிதன் அவிந்துபோவான். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசை விசிறியைக் கணினிக்கு நேரே வைத்து முழு வேகத்தில் விட்டார். மெமரியின் சூடு நாற்பத்தொன்பது. சரி. நாலு கமராவும் பிசகில்லாமல் ஓடியது. அலுமாரிக்கு மேலிருந்த கமராவை மெல்ல இழுத்து முகத்தைப் பிடித்தார். வெள்ளைச் சீலை, கழுத்தில் செபமாலை, நெற்றியில் வெட்டுக்காயத் தழும்பு. திரையில் பார்த்தபோது பயமாக இல்லை. ஐம்பத்திமூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு யோகலிங்கம் குசினி வாசலில் வந்து நின்றார். முன்வீட்டுக்காரர், அந்தச் செத்தவீட்டை ஓடி ஓடி நடத்திக்கொண்டிருந்தவர்.

"தம்பி, உந்த விசிறிக் காத்து உள்ளுக்கு வருது. தலைமாட்டு மெழுகுதிரி ரெண்டு தரம் அணைஞ்சு போச்சு. நாங்கள் மண்டபத்து விசிறியளையே நிப்பாட்டிப்போட்டு நிக்கிறம்," என்று சொல்லிக்கொண்டே வந்து சுவிட்சைத் தட்டிவிட்டார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது மெசினுக்கு வைத்த விசிறி, இதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று சொன்னால் யோகலிங்கம் விளங்காத மனிதரில்லை. விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். பேணாட் என்ன செய்தார் தெரியுமா? "ஓம் அண்ணை, பிரச்சினையில்லை" என்று பல்லைக் காட்டினார். அட மனிசா!

யோகலிங்கம் போனதும் விசிறியை மறுபடி போடக் கை நீட்டினார். மெழுகுதிரி மூன்றாம் தரம் அணைந்து அந்த மனிதர் திரும்பி வந்துவிட்டால்? எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டால்? கை திரும்பி வந்தது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கணினிக்கு விசுக்கத் தொடங்கினார். ஐம்பத்தாறு. ஐம்பத்தொன்பது. வலக்கை நொந்தது, இடக்கைக்கு மாற்றினார். அறுபத்திரண்டு. தலைமாட்டுக் கமராவின் படத்தில் பச்சைப் பச்சைக் கட்டமாகப் புள்ளி விழுந்து மறைந்தது. "யேசுவே, மூண்டு மணி மட்டும்," என்று முணுமுணுத்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. யேசு என்ன செய்வார், விசிறியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டவருக்கு?

இரண்டு நாற்பத்தேழுக்குத் திரை நீலமாகி நின்றது.

பேணாட்டுக்குக் காது அடைத்துவிட்டது. மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது எங்கேயோ கிணற்றுக்குள் பாடுவதுபோல் கேட்டது. கணினி தானாக எழும்பியது, மறுபடி நீலம். கணினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஏழாயிரத்து இருநூறை அழித்து, கம்பனி கொடுத்த பழைய வேகத்துக்கு இறக்கிவிட்டுச் சேமித்தார். செய்தது சரிதான். திரை கறுப்பானது. கறுப்பாகவே நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

கை வைக்காதீங்க என்று ரிஷாத் சொன்னதும், அதைக் கொப்பியில் எழுதினதும் நினைவு வந்தது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கறுத்த திரையைப் பார்க்கப் பார்க்க அது இனி எழும்பாது என்றே பட்டது. பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். அதுவரை பழகினதெல்லாம் போய், மெமரி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி கறுப்பு. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மண்டபத்தில் பாட்டு நின்று, சாமியார் கடைசிச் செபத்தைத் தொடங்கினார். பெட்டி மூடியைச் சுவரிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டது.

ரிஷாத்தைக் கூப்பிடப் போனை எடுத்தார். எடுத்த கையிலேயே அது அடித்தது. வெளிநாட்டு நம்பர், வீடியோக் கோல். விளம்பரத்துக்காக லைவின் மூலையில் தன் நம்பரைப் போட்டுவைத்திருந்தார். இத்தனை வருடத்தில் சடங்கு நடுவில் அதற்கு ஒருவரும் எடுத்ததில்லை.

திரையில் ஒரு இளைஞன். தலையில் சமையற்காரர்களின் வெள்ளைத் தொப்பி, பின்னால் மாமூட்டை அடுக்கின இரும்புத் தட்டு. எங்கோ ஒரு ரெஸ்ரோறன்டின் சாமான் அறைக்குள் நின்றான். அங்கே படம் பார்ப்பவர்களுக்கும் முகம் இருக்கிறது என்பதைப் பேணாட் அன்றுதான் கண்டார்.

"அண்ணை, லைவ் நிண்டுட்டுது. அக்கா போன் எடுக்கிறா இல்லை. மூடிட்டினமோ?"

"இல்லைத் தம்பி… மெசின்… நான்தான்…" 

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்தப் போனை உள்ளுக்குக் கொண்டு போங்கோ."

பேணாட் வாசலுக்கு வந்து, யாரிடமாவது கொடுத்துவிடலாமென்று சுற்றிப் பார்த்தார். மெலனியை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். யோகலிங்கமும் இன்னொருவரும் மூடியின் இரண்டு தலைப்பையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மற்றவர்கள் கையில் செபப்புத்தகம், பூ, அழுகை. ஒருவருக்கும் கை சும்மா இல்லை.

"பொறுங்கோ," என்றார். ஒருவருக்கும் கேட்கவில்லை. மூடி பெட்டிக்கு மேலே வந்துவிட்டது.

"பொறுங்கோ!"

சாமியார் செபத்தை நிறுத்தினார். சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது.  பேணாட் நடந்தாரா, சனம் விலகி அவரைத் தள்ளிவிட்டதா என்று அவருக்கே தெரியாது. பெட்டியடிக்கு வந்து, கண்ணைப் போனை விட்டு எடுக்காமல், பின் கமராவை முகத்துக்கு நேரே பிடித்தார். அப்போதும் திரைதான். கெட்டிக்காரர், அந்த நேரத்திலும் ஒளிந்துகொண்டார்.

"அம்மா," என்றான் ஜனுஷன்.  

"அண்ணை, ஒரு உதவி. நான் வெளிக்கிடேக்கை அம்மா என்ரை நெத்தியிலை பெருவிரலாலை சிலுவை போட்டுத்தான் அனுப்பினவ. என்ரை கையாலை அவவுக்குப் போட ஏலாமப் போச்சு. நீங்கள் எனக்காக ஒருக்காப் போட்டுவிடுங்கோ."

பேணாட் வலக்கையால் போனைப் பிடித்தபடி, திரையைப் பார்த்துக்கொண்டே இடக்கையை நீட்டினார். விரல் தலையணையில் போய் முட்டியது. இன்னொரு தரம் நீட்டினார், பூவில் பட்டது. திரையில் பார்த்துத் தொட முடியாது. அவர் போனைக் கொஞ்சம் தாழ்த்தி, நிமிர்ந்து, அந்த அம்மாவின் முகத்தை நேரே பார்த்தார்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி. களைத்து நித்திரையானதுபோல் இருந்தது. தழும்பு திரையில் தெரிந்ததைவிடச் சின்னது. பேணாட் பெருவிரலை நெற்றியில் வைத்தார். கத்திப்போடுவேன் என்று பயந்தார், கத்தவில்லை. மேலிருந்து கீழே இழுத்தார். இடமிருந்து வலம் இழுத்தார். விரலை எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தார்.

"குளிருதோ அண்ணை?" ஜனுஷன் மெல்லக் கேட்டான். "நான் கேள்விப்பட்டனான், ஐஸ் மாதிரிக் குளிருமெண்டு."

"இல்லைத் தம்பி." பேணாட்டின் கண்ணிலிருந்து வழிந்தது மீசைக்குள் இறங்கியது. "இந்த வெக்கையிலை சூடாத்தான் இருக்கிறா. எங்கடை கை மாதிரித்தான் இருக்கு."

மூடியைப் பிடித்திருந்த யோகலிங்கத்தின் கை நோகத் தொடங்கியிருக்க வேண்டும். "தம்பி, நேரம் போகுது. மூடுவமே?" என்று கேட்டார்.

பேணாட் போனைப் பார்த்தார். மூலையில் சின்னதாக ஜனுஷன். தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் பேணாட், சனம் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி. "பிள்ளை இன்னும் பாத்து முடியேல்லை."